புதிய பதிப்பு வந்தது சர்வருக்கு எப்படித் தெரிகிறது?

ஓசூரை அடுத்த பேரிகையில் ஒரு சிறு பட்டறை, தன் ஆர்டர் கணக்கு மென்பொருளை வாடகை சர்வரில் கன்டெய்னராக ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். புரோகிராமர் புதிய பதிப்பை, கன்டெய்னரை உருவாக்கும் இமேஜாக, டாக்கர் ஹப் தளத்தில் ஏற்றிவிட்டார். சர்வருக்கு அது எப்படித் தெரியும்?

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கலாம். பெரும்பாலும் வீண் நடை. 2007இல் ஜெஃப் லிண்ட்சே பெயரிட்டுப் பரப்பிய வெப்ஹூக், இதைத் தலைகீழாக்குகிறது. இமேஜ் ஏறியதுமே, நாம் பதிந்துவைத்த முகவரிக்கு டாக்கர் ஹப்பே செய்தி அனுப்பும். அதில் ரெப்போவின் பெயரும் டேகும் ஜேசன் வடிவில் இருக்கும். சர்வரில் காத்திருக்கும் சிறு நிரல் அதைப் படித்து, புதிய இமேஜை இறக்கி, பழைய கன்டெய்னரை நிறுத்திப் புதியதை ஓடவிடும்.

முகவரி தெரிந்த எவரும் பொய்ச் செய்தி அனுப்பலாமே?

அதற்குத்தான் கையொப்பம். இதேபோல் வெப்ஹூக் அனுப்பும் இன்னொரு தளமான கிட்ஹப், ரகசியச் சாவியைக் கொண்டு செய்தியின் ஹெச்மேக் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டு ஹெடரில் வைக்கிறது. சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். கையொப்பம் வரும் இடத்தில் இந்தச் சோதனை இல்லாமல் அமைப்பது பொறுப்பற்ற வேலை.

10 விநாடிக்குள் பதில் வராவிட்டால் கிட்ஹப் இணைப்பைத் துண்டித்துவிடும்; தானாக மறுபடி அனுப்பாது. இமேஜ் இறங்க அதைவிட நேரமாகலாம். ஆகவே முதலில் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பிவிட்டு, வேலையைப் பின்னணியில் தொடங்குங்கள்.