உருளைக்கிழங்கால் உயர்ந்த குடும்பம்



பெரிய கடைகளின் குளிர்பெட்டிகளில், விரல் நீளத்திற்கு நறுக்கி உறையவைத்த உருளைக்கிழங்குப் பொட்டலங்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பலவற்றின் மேல் 'மெக்கெயின்' என்று அச்சிடப்பட்டிருக்கும். அது ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தின் வரலாற்றில், கூட்டாகத் தொழில் நடத்தும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய படிப்பினை இருக்கிறது.

கனடா நாட்டின் கிழக்கே நியூ பிரன்ஸ்விக் என்றொரு மாகாணம். அங்கே செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் ஃபுளாரன்ஸ்வில் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அப்பள்ளத்தாக்கின் செல்வமே உருளைக்கிழங்குதான். மெக்கெயின் குடும்பத் தலைவர் விதைக் கிழங்குகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்தார். 1953இல் அவர் காலமானார். அவருக்கு ஆண்டுரூ, ராபர்ட், ஹாரிசன், வாலஸ் என நான்கு ஆண் மக்கள்.

இளையவர்களான ஹாரிசனும் வாலசும் அப்போது வேறொரு பெருமுதலாளியிடம் ஊழியம் பார்த்து வந்தனர். கைநிறையச் சம்பளம், ஆயினும் சொந்தத் தொழில் என்ற ஆசை அவர்களை விடவில்லை.

வயலில் எழுந்த ஆலை

உருளைக்கிழங்கு வாணிகத்தின் துன்பம் என்ன? விளைச்சல் பெருகினால் விலை சரியும். நெடுநாள் வைத்திருந்தாலோ முளைவிடும், சுருங்கும், அழுகும். கிழங்கைக் கழுவித் தோல் சீவி நறுக்கி, வெந்நீரில் சற்றே வேகவிட்டு, எண்ணெயில் அரைப்பதமாகப் பொரித்து, கடுங்குளிரில் உறையவைத்துப் பொட்டலமாக்கினால் பல மாதங்கள் கெடாது. அமெரிக்காவில் 1940களிலேயே கண்டறியப்பட்ட இம்முறையைச் சகோதரர்கள் தம் ஊருக்குக் கொண்டுவந்தனர். மூத்தவர் இருவரும் துணை நின்றனர்.

1957இல் ஆலை இயங்கத் தொடங்கியது. பணியாளர் 30 பேர். முதலாண்டு விற்பனை ஒன்றரை லட்சம் டாலரைச் சற்றே கடந்தது. ஆலை வந்ததால் சுற்றுவட்டார உழவர்களுக்கும் ஊரிலேயே கொள்முதலாளர் கிடைத்தார். கடல் கடந்து இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிளைகள் எழுந்தன. இந்தியாவில் குஜராத் மாநிலத்து மேசானாவிலும் இன்று அவர்களது ஆலை உண்டு. உலகில் உண்ணப்படும் இவ்வகை வறுவல்களில் நான்கில் ஒன்று தங்களுடையது என்பது அந்நிறுவனத்தார் கூறும் கணக்கு.

ஹாரிசனும் வாலசும் இணைத் தலைவர்களாக விளங்கினர். இல்லங்களும் அருகருகே இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் ஒரே கருத்தினராய்த் தொழிலை வளர்த்தனர்.

பிளவு எங்கே பிறந்தது?

பிளவு வந்தது செழிப்பான காலத்தில்தான் என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது.

"நமக்குப் பின் யார்?" என்னும் கேள்விக்கு இருவரிடமும் ஒத்த விடை இல்லை. 1990இல் வாலஸ் தம் மகன் மைக்கேலை அமெரிக்கக் கிளையின் பொறுப்பில் அமர்த்தினார். ஹாரிசனுக்கு அதில் உடன்பாடில்லை. குடும்பத்திற்கு வெளியேயிருந்து தேர்ந்த நிர்வாகி வரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

நிறுவனத்தின் பங்குகளில் ஆளுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று இவ்விருவரிடம் இருந்தது. எஞ்சியது, முன்னரே காலமாகிவிட்ட ஆண்டுரூ, ராபர்ட் ஆகியோரின் குடும்பத்தாரிடம் இருந்தது. இரு சிற்றப்பன்மாருள் யார் பக்கம் நிற்பது என்று அண்ணன் மக்கள் முடிவு செய்ய நேர்ந்த நிலையை எண்ணிப் பாருங்கள்! அவர்கள் ஹாரிசன் பக்கம் நின்றனர்.

வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை நாளேடுகளில் செய்தியாயின. 1994இல் வாலஸ் இணைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் டொரன்டோ சென்று, 1995இல் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் என்னும் உணவு நிறுவனத்தைப் பிற முதலீட்டாளருடன் சேர்ந்து வாங்கினார். ஹாரிசன் விரும்பியபடியே வெளியார் ஒருவர் நிர்வாகப் பொறுப்பேற்றார்.

ஹாரிசன் 2004இலும் வாலஸ் 2011இலும் மறைந்தனர். நிறுவனம் உடையவில்லை, இன்றும் அக்குடும்பத்தாரின் உடைமையாகவே நிலைக்கிறது. சிதைந்தது இரு சகோதரர்களின் தோழமைதான்.

நமக்குரிய படிப்பினை

வாசகர்களே! ஹாரிசனைக் குறை சொல்வதா, வாலசைக் குறை சொல்வதா? தன் மகன் திறமையானவன் என்று நம்பிய தந்தையும் தவறு செய்யவில்லை. திறமைக்கே முதலிடம் என்ற அண்ணனும் தவறு செய்யவில்லை. உடல்நலமும் ஒற்றுமையும் நிறைந்திருந்த காலத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டியதை இருவரும் தள்ளிப்போட்டனர், அதுவே பிழையாயிற்று.

அண்ணன் தம்பியர் சேர்ந்து நடத்தும் கடையோ மண்டியோ உங்களுக்கும் இருக்கலாம். யாருக்கு எவ்வளவு பங்கு, அடுத்த தலைமுறையில் பொறுப்பேற்பவர் யார், கருத்து வேறுபட்டால் யார் சொல்லுக்குக் கட்டுப்படுவது என்பவற்றைப் பேசி எழுத்தில் வைத்திருக்கிறீர்களா? "நமக்குள் எதற்கு எழுத்து?" என்று கூச்சப்படாதீர்கள். உறவு இனிக்கும் நாளில் எழுதும் ஒரு தாள், உறவு கசக்கும் நாளில் உங்கள் பிள்ளைகளை நீதிமன்ற வாசலிலிருந்து காக்கும்.