ஆற்றைப் பார்க்காத முதலைகள்

நம் காரைக்குடிப் பக்கமிருந்து மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா செல்பவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் பார்ப்பதுண்டு. வாயைப் பிளந்து அசையாமல் கிடக்கும் முதலைகளுக்கு உயிர் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. வாயைப் பிளப்பது உடல் சூட்டைத் தணிக்க.

தோலுக்காக வேட்டையாடப்பட்டு நம் நாட்டில் சதுப்புநில முதலைகள் அருகிப்போன காலத்தில், 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இப்பண்ணையைத் தொடங்கினர். குஞ்சு பொரிக்கச் செய்து நீர்நிலைகளில் விடுவதே நோக்கம். சீனத்துப் பாண்டாவுக்கு ஆண்டில் இரண்டு மூன்று நாட்களே கருத்தரிக்கும் காலம்; அங்கே ஒரு குட்டி பிறப்பதே பெரும்பாடாக இருந்தது. இங்கே முதலைகள் ஒரே ஆண்டில் இருமுறைகூட முட்டையிட்டன! இன்னொரு வியப்பு, முட்டையைச் சுற்றியுள்ள வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. 31 டிகிரி வரை பெண், 32.5 டிகிரியை ஒட்டி ஆண்.

குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஆனால் விடுவதற்கு இடம் எங்கே? துணி துவைக்கும் துறையில் முதலை கிடக்க யார்தான் சம்மதிப்பார்? 1990களில் விடுவிப்பது நின்றுபோனது. அருகிய இனத்தைப் பெருக்கத் தொடங்கிய இடத்திலேயே, பிறகு முட்டைகளை அகற்றிப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

இடநெருக்கடி தீர, ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரிலுள்ள விலங்கு மையத்திற்கு அனுப்ப அனுமதி கிடைத்தது. எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் தள்ளுபடி செய்தது. புதிய இடத்தில் நெருக்கடி குறைவு. ஆனால் அதுவும் வேலிக்குள்தான்.