கைமாறிய கட்டடங்கள்: திண்டுக்கல் கோட்டையின் உடையவர்கள்

பழைய வீட்டை விலைபேசப் போகிறவர் முதலில் கேட்பது தாய்ப்பத்திரத்தை. யார் கட்டியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது, நடுவில் வில்லங்கம் உண்டா என்று பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அப்படியொரு பத்திரம் எழுதினால், பக்கத்துக்குப் பக்கம் வில்லங்கம்தான்.

முதல் உடையவர் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். 1605இல் அவர் எழுப்பிய கோட்டையைப் பின்னால் திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். இடத் தேர்விலேயே அரசியல் இருந்தது. மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் மதுரைக்கு வரும் படை இந்த இடைவெளியில்தான் நுழைய வேண்டும். சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் மொட்டைப் பாறையில் இருப்பவனுக்கு, வருகிற புழுதி நெடுந்தொலைவிலேயே தெரிந்துவிடும். முற்றுகை நீண்டாலும் தாக்குப்பிடிக்க, பாறைச் சுனைகளில் மழைநீர் நின்றது.

நாயக்கர் ஆட்சி சரிந்ததும் கைமாற்றம் வேகமெடுத்தது. 1736இல் ஆர்க்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப், 1745இல் மைசூர்ப் படை. 1755இல் மைசூர் அரசு இங்கே பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, அனுப்பிய அதிகாரிதான் ஹைதர் அலி.

ஹைதரை ஹைதராக்கிய ஊர் திண்டுக்கல் என்றே சொல்லலாம். முரண்டுபிடித்த பாளையக்காரர்களை அடக்கி வரி வசூலித்தார். அந்தப் பணத்தில் படை திரட்டினார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்தார். ஆறே ஆண்டுகளில், 1761இல், மைசூரின் அதிகாரம் முழுவதும் அவர் கையில். ஒரு பேரரசுக்கான முதல் இந்தச் சீமையின் உழவர்களிடமிருந்தும் போனது என்பதை மறக்கக் கூடாது.

கணவர் முத்துவடுகநாதரை 1772இல் காளையார்கோவில் போரில் இழந்த சிவகங்கை ராணி வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்ததும் இந்தப் பக்கம்தான். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். ஹைதர் படை கொடுத்தார். 1780இல் சிவகங்கையை மீட்டார் ராணி.

கும்பினிக்காரர்கள், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், இந்தக் கோட்டையை மூன்று முறை பிடித்தார்கள். 1767இல் பிடித்தார்கள், அடுத்த ஆண்டே ஹைதர் மீட்டார். 1783இல் மறுபடியும் பிடித்தார்கள். ஆனால் 1784இல் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கை அதை ஹைதரின் மகன் திப்பு சுல்தானிடமே திருப்பிக் கொடுத்தது. திப்புவின் காலத்தில் மதில்கள் வலுவாயின, புதிய அறைகள் எழும்பின. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட்டின் பீரங்கிகள் மூன்றாம் முறையாகக் கோட்டையைப் பணியவைத்தன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. உயிரைக் கொடுத்துப் போரிட்டவர்கள் திண்டுக்கல்லில். கோட்டை யாருக்கு என்று முடிவானதோ மங்களூரிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும். இந்த ஊர் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காமல் நடந்த கைமாற்றத்தை ஏற்க மறுத்தவர் கோபால நாயக்கர். சுற்றுப்புறப் பாளையங்களைச் சேர்த்துத் திண்டுக்கல் கூட்டணியை உருவாக்கினார். சிவகங்கையின் மருது சகோதரர்களோடு கைகோத்தார். 1801இல் திண்டுக்கல்லில் அவரைத் தூக்கிலிட்டது கும்பினி. ஊருக்குள் இருக்கும் கோபாலசமுத்திரக் குளத்தின் பெயரில் அவர் நினைவு வாழ்கிறது என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். கும்பினி எழுதிவைத்த பத்திரத்தில் அவருக்கு இடமில்லை. இந்த வரலாற்றில் நிச்சயம் உண்டு.

1860 வரை ஆங்கிலேயர்கள் கோட்டையைப் பயன்படுத்தினார்கள். எதிர்க்க ஆளில்லாத நாட்டில் மலைக்கோட்டைக்கு வேலையில்லாமல் போனது, விட்டுவிட்டார்கள்.

இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் வெடிமருந்துக் கிடங்கையும் சிறை அறைகளையும் பார்க்கலாம். உச்சியில் உள்ள கோயிலின் கருவறையில் மூர்த்தி இல்லை. காளகஸ்தீஸ்வரரும் அபிராமி அம்மனும் கீழே ஊருக்குள் இருக்கும் கோயிலில் வழிபாடு பெறுகிறார்கள். அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். 1985இல் மதுரையிலிருந்து பிரிந்த இந்த மாவட்டம், சில காலம் ‘மன்னர் திருமலை’ என்றும் அழைக்கப்பட்டது. கோட்டையைப் பலப்படுத்திய பழைய உடையவர் ஒருவரின் பெயர் அரசு முத்திரையில் ஏறி இறங்கிய கதை அது.

அடுத்த வாரம், கர்நாடக நவாபின் சேப்பாக்கம் அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போன வரலாறு.