மலைத் தோட்டத்துக்கு ஏற்ற லேப்டாப் எது?

(நமது நிருபர்)

போனக்காடு: திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக வரும் அரசு பஸ், மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஏறி, இனிச் சாலையே இல்லை என்கிற இடத்தில் நிற்கும். அதுதான் போனக்காடு. அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். ‘பேய் பங்களா’ என்று பேரெடுத்துவிட்ட பழைய துரை பங்களாவைப் பார்க்க நகரத்து வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் வருவதும் உண்டு. (பேயைப் பார்த்தவர்களைவிட அட்டைப்பூச்சியிடம் கடிபட்டவர்களே அதிகம்.) தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் சந்ததியினர் லயங்களில் இன்னும் வாழ்கிறார்கள்.

கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் இப்போது நகரத்தில் கணக்கு எழுதுகிறார்கள். கடைகளுக்கு டாலி கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் என்று வேலைகள் பலவிதம். வார விடுமுறைக்கு வீடு வரும்போது தோளில் ஒரு பை; பைக்குள் லேப்டாப். அது ‘ஆன்’ ஆகவில்லை என்றால் நகரத்துக்குப் போய்த் திரும்புவதற்கே ஒரு நாள் கழிந்துவிடும். ஒரு நாள் சம்பளமும் போய்விடும். மாத ரிட்டர்னுக்கு உரிய 20ந் தேதியோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

எனவே, நம்மவர்கள் லேப்டாப் வாங்கும்போது வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. மலைமேல் இருக்கும்போது அது மக்கர் செய்தால் நாமே எந்த அளவுக்குப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் முதலாவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இரண்டாவதைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

தொழிலுக்கென்று ஒரு வகை

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். 1981ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் என்ற கம்ப்யூட்டரைத் ‘தூக்கிச் செல்லக்கூடியது’ என்று விளம்பரம் செய்தார்கள். எடை சுமார் 11 கிலோ! மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். 1992ல் ஐ.பி.எம். கம்பெனி திங்க்பேட் என்ற கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தது. ஆபீஸ் உபயோகத்துக்கென்றே செய்யும் லேப்டாப்புகளில் இன்றளவும் பேர்பெற்றது அதுதான். 2005ல் அந்த வியாபாரம் சீனாவின் லெனோவோ கம்பெனியின் கைக்கு வந்தது. அந்தக் கம்பெனிக்குப் புதுச்சேரியிலும், டெல் கம்பெனிக்கு ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் உள்ளன.

ஒவ்வொரு கம்பெனியும் வீட்டு உபயோகத்துக்கு ஒன்று, தொழில் உபயோகத்துக்கு ஒன்று என இரண்டு வகைகளை விற்கின்றது. லெனோவோவில் ஐடியாபேட் வீட்டு வகை, திங்க்பேட் தொழில் வகை. டெல்லில் இன்ஸ்பிரான் வீட்டுக்கு, லாட்டிட்யூட் ஆபீசுக்கு. (2025 முதல் டெல் தனது புதிய தொழில் வகைகளுக்கு ‘டெல் புரோ’ என்று பெயரிட்டு வருகிறது.) எச்.பி.யில் பெவிலியன், எலைட்புக் என்று இதே கதை.

பார்வைக்கு வீட்டு வகை பளபளப்பாக இருக்கும். ஆனால், தொழில் வகையின் அருமை அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினால்தான் தெரியும். பாட்டரி, விசிறி, டிஸ்க் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். எந்தத் திருகாணியை எந்த வரிசையில் கழற்றுவது என்று படம் போட்டு விளக்கும் ரிப்பேர் புத்தகத்தைக் கம்பெனியே இலவசமாகக் கொடுக்கிறது. உதிரி பாகங்களும் பல வருஷங்களுக்குக் கிடைக்கின்றன. மலையில் இருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

‘ராணுவத் தரம்’ என்று ஒரு எண்ணை விளம்பரங்களில் காணலாம். இது அமெரிக்க ராணுவம் தந்த சான்றிதழ் அல்ல. அந்த ராணுவத்தின் சோதனை முறைகளில் சிலவற்றைக் கம்பெனிகள் தாங்களாகவே தேர்ந்தெடுத்து நடத்துகின்றன. லேப்டாப் உறுதியானது என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். டீயைக் கொட்டிவிட்டு இதைக் காட்டி வாரண்டி கேட்டால் கிடைக்காது.

வாரண்டி என்றதும் ஒரு விஷயம். ‘வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம்’ என்ற வாரண்டிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் எல்லா ஊருக்கும் அது செல்லாது. பணம் கட்டுவதற்கு முன்பே நம்முடைய தபால் பின்கோடைக் கொடுத்து, இந்த இடத்துக்கு ஆள் வருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம்.

எண்ணில் இருக்கும் சங்கதி

டாலி, எக்ஸெல், ரிட்டர்ன் தாக்கல், நாலைந்து இணையப் பக்கங்கள் - இவ்வளவு வேலைக்கு 16 ஜி.பி. ராம் நினைவகமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் தாராளம். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதே இல்லை; அது சினிமா வெட்டி ஒட்டுபவர்களுக்கும் என்ஜினீயரிங் வரைபடம் போடுபவர்களுக்கும் உரியது. பிராசசர் பெயரின் கடைசியில் ‘எச்’ என்ற எழுத்து இருந்தால் அது அதிக மின்சாரம் தின்று அதிகச் சூடு கக்கும் வகை. ‘யு’ என்றிருந்தால் சிக்கனம். கணக்கு எழுதுபவருக்கு ‘யு’வே போதும். ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று ஆசைப்பட்டு ‘எச்’ வாங்கியவர்கள், செங்கல் கனத்தில் ஒரு சார்ஜரையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

ராம் நினைவகம் போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டதா, மாற்றக்கூடியதா என்று கேட்கத் தவறாதீர்கள். மெலிந்த மாடல்கள் பலவற்றில் பற்ற வைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட வழியில்லை. 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை கிடுகிடுவென ஏறியது. ‘இப்போது 8, அப்புறம் 16 ஆக்கிக்கொள்ளலாம்’ என்று கணக்குப் போட்டவர்களுக்கு அது கசப்பான செய்தியாயிற்று.

கொரோனா காலத்தில் கேரளத்தில் கே.எஸ்.எஃப்.ஈ.யும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து வித்யாஸ்ரீ என்ற திட்டத்தை நடத்தின. மாதம் ரூ.500 வீதம் 30 மாதத் தவணையில் 2021ல் மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. பிள்ளைகள் பாடம் கேட்க அது பேருதவி. ஆனால் ரூ.15,000 விலை மதிப்புள்ள அதே பெட்டியில் ஒரு கம்பெனியின் முழுக் கணக்கையும் ஓட்ட நினைப்பது, சைக்கிளில் நெல் மூட்டை ஏற்றுகிற கதைதான்.

பழையதில் உள்ள பொறிகள்

புதிய தொழில் வகையின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. ஆனால் பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் லேப்டாப்புகள், புதியதன் விலையில் பாதிக்கும் கீழே சந்தைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் இதற்கென்றே கடைகள் உண்டு. மலிவான புதிய வீட்டு வகையைவிட நல்ல நிலையில் உள்ள பழைய திங்க்பேடோ லாட்டிட்யூடோ மேல் என்பதே என் அபிப்பிராயம். பொறிகள் சில உண்டு, அவ்வளவுதான்.

முதல் பொறி வயது. மைக்ரோசாஃப்ட் கம்பெனி வின்டோஸ் 10க்குத் தந்த ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. வின்டோஸ் 11 ஓடவேண்டுமானால் இன்டெல் பிராசசர் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாகவும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ளதாகவும் இருக்க வேண்டும். தலைமுறையை எப்படி அறிவது? ‘ஐ5’ என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8350 என்றால் எட்டாம் தலைமுறை. 7300 என்றால் ஏழாம் தலைமுறை, வேண்டாம். 1135 என்றால் பதினொன்று. ‘ஐ7 சார், ஐ5ஐ விட ஒஸ்தி’ என்று ஆறாம் தலைமுறை ஐ7ஐத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. ஏமாறவேண்டாம்.

இரண்டாவது பொறி பூட்டு. லேப்டாப்பை ‘ஆன்’ செய்யும்போதே பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். அடுத்து, வின்டோசைப் புதிதாகப் பதியச் சொல்லி, கடையிலேயே இணையத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அப்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அந்தக் கம்பெனி ஈமெயிலைக் கேட்டால், பழைய உரிமையாளர் அதைத் தம் பட்டியலிலிருந்து இன்னும் விடுவிக்கவில்லை என்று பொருள். நாளைக்கே அவர்கள் அதை எங்கிருந்தோ முடக்க முடியும். பில் இல்லாமல் வாங்கினால் போலீஸ் வில்லங்கமும் சேரும். டெல் பெட்டியின் அடியில் ஏழு எழுத்துகள் கொண்ட சர்வீஸ் டேக் இருக்கும். அதைக் கம்பெனியின் தளத்தில் கொடுத்தால் எந்த நாளில் அனுப்பப்பட்டது, வாரண்டி மீதி உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மூன்றாவது பாட்டரி. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் பகுதியைத் திறந்து, ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் அதையொட்டி சி, எஃப், ஜி என்ற எழுத்துகளையும் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாக அடியுங்கள். ஓர் அறிக்கை தயாராகும். பாட்டரி புதிதாயிருந்தபோது கொண்ட மின்சாரமும் இப்போது முழு சார்ஜில் கொள்வதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தால் பாட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். டச்பேட் மேலெழும்பி நின்றால் உள்ளே பாட்டரி உப்பியிருக்கிறது. அதை உபயோகிக்கவே கூடாது, குத்தவும் அமுக்கவும் கூடாது.

வேகம் குறைந்தால் சார்ஜரைப் பாருங்கள்

‘திடீரென்று லேப்டாப் ஆமை போல் ஓடுகிறது’ என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். வைரஸ் என்று சொல்லி ஆயிரம் ரூபாய் வாங்குபவர்களிடம் போவதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்.

டெல் லேப்டாப்புகளில் உருண்டை முனை சார்ஜரின் நடுவே ஊசிபோல ஒரு மெல்லிய கம்பி இருக்கும். நான் இத்தனை வாட் சார்ஜர் என்று லேப்டாப்புக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அந்த ஊசி வளைந்தாலோ, டூப்ளிகேட் சார்ஜரில் அந்தச் செய்தி வராவிட்டாலோ, லேப்டாப் சந்தேகப்பட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பாட்டரியும் ஏறாது. ‘ஆன்’ செய்யும்போது சார்ஜரின் வாட் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டும். பலர் அதைப் படிக்காமலேயே எண்டரைத் தட்டிவிடுகிறார்கள். சரியான சார்ஜரைப் போட்டதும் வேகம் திரும்பிவிடும். புதிய டைப்-சி வகைகளிலும் இதேதான். 65 வாட் கேட்கும் பெட்டிக்கு 20 வாட் போன் சார்ஜர் போட்டால் நடக்காது. சார்ஜர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. நிறுவனமான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு எண் அதில் உள்ளதா என்று பாருங்கள். ‘ஆர்’ என்று தொடங்கும் அந்த எண்ணை, பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அடித்து மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ளலாம்.

அடியோடு ‘ஆன்’ ஆகவில்லையா? சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிஷம் விடாமல் அமுக்கி, பிறகு சார்ஜரை மாட்டிப் பாருங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்ததும் பல பெட்டிகள் உயிர்பெற்றுவிடும். விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் எச்.டி.எம்.ஐ. கம்பியில் டி.வி.யோடு இணையுங்கள். டி.வி.யில் படம் வந்தால் பழுது திரையிலோ அதன் கம்பியிலோதான். போர்டு போய்விட்டது என்று யாரும் பயமுறுத்த முடியாது. தொழில் வகைகளில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ‘ஆன்’ செய்தவுடன் எச்.பி.யில் எஃப் 2, டெல்லில் எஃப் 12 பொத்தானைத் தட்டினால் அந்த வழி திறக்கும். பழுது இருந்தால் ஒரு குறி எண் தரும். அதை எழுதிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், பாகம் வந்தபின் ஒரே நடையில் காரியம் முடியும்.

மூடுபனி, மின்னல், அடுப்புப் புகை

லோ வோல்டேஜைப் பற்றி ரொம்பக் கவலைப்படவேண்டாம். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். ரயில் பெட்டியின் 110 வோல்ட் பிளக்கிலும் அது வேலை செய்வது அதனால்தான். பயப்படவேண்டியது மின்னலுக்கு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடி உறுமத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது; பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். மோடத்திலிருந்து வரும் கம்பியையும்.

பனியில் நனைந்த பையோடு வீட்டுக்குள் வந்ததும் அடுப்பருகே லேப்டாப்பைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் உள்ளுக்குள்ளேயே நீர் பூக்கும். அரை மணி நேரம் பொறுத்திருங்கள். விறகுப் புகை படிகிற லயத்தில் விசிறியின் காற்றுத் துவாரம் கரியும் தூசியுமாக அடைத்துக்கொள்ளும். சூடேறியதும் வேகம் குறையும். வருஷத்துக்கு ஒரு தடவை அடிப்பலகையைக் கழற்றி, பழைய பெயிண்ட் பிரஷால் துடைத்தால் தீர்ந்தது. பாட்டரி இணைப்பை முதலில் விடுவித்துக்கொள்ளுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யும் வழக்கத்தையும் விட்டுவிடவேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஏழாம் தலைமுறைப் பெட்டி ஒன்று கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். வின்டோஸ் 11 ஏற்காத பெட்டியில் லினக்ஸ் ஓடும், காசும் இல்லை. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதே அதில்தான்; அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை வைத்து அதைத் தயாரித்துத் தருகிறது. டாலி நேரடியாக ஓடாதுதான், ஆனால் கடிதம், கணக்குத்தாள், இணைய வழி ரிட்டர்ன் எல்லாம் நடக்கும். தமிழ் 99 விசைப்பலகையும் அதிலேயே உண்டு. அப்பாவுக்குத் தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்கலாம்.