சிவந்த அரசனின் சபையில் 44 நிமிடங்கள்

அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. கண்கள் பக்கவாட்டில் மிரள, மூக்கு விடைக்க, உள்நாக்கு தெரிய அலறும் ஒரு சிவந்த முகம் மட்டும் இருக்கிறது. வரைந்தவர் பாரி கோட்பர், கம்ப்யூட்டர் புரோகிராமர். ஆல்பம் வெளிவந்த சில மாதங்களிலேயே, 1970 பிப்ரவரியில், 24 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை அதுதான்.

கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' 1969 அக்டோபர் 10 அன்று லண்டனில் வெளியானது. ப்ராக்ரஸிவ் ராக் எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். மற்றவர்கள் மூடி ப்ளூஸ், ப்ரோகோல் ஹாரம் என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டை அவர்களோடு இருக்கட்டும்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் குழுவினர் லண்டன் ஃபுல்ஹாம் பகுதியில் ஒரு காபிக் கடையின் நிலவறையில் ஒத்திகையைத் தொடங்கியிருந்தார்கள். ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், லட்சக்கணக்கானவர்கள் முன் வாசித்தார்கள். மூத்தவரான ட்ரம்மர் மைக்கேல் ஜைல்ஸுக்கே வயது 27. மூடி ப்ளூஸின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்குடன் தொடங்கிய ஒலிப்பதிவு ஒத்துவரவில்லை. அவரை அனுப்பிவிட்டு, வெஸெக்ஸ் ஸ்டூடியோவில் எட்டு ட்ராக் டேப்பில் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். முதல் ஆல்பம் போடும் பையன்களுக்கு இந்தத் துணிச்சல் அதிகம்தான்.

முதல் பாட்டு '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்'. கிட்டாரும் சாக்ஸபோனும் சேர்ந்து முகத்தில் அறைகின்றன. கிரெக் லேக்கின் குரலை வேண்டுமென்றே சிதைத்து, உடைந்த ஒலிபெருக்கியில் வருவதுபோல் ஆக்கியிருக்கிறார்கள். பீட்டர் சின்ஃபீல்டின் வரிகளில் வியட்நாமின் நேபாம் தீ எரிகிறது. நடுப்பகுதியில் நான்கு வாத்தியங்களும் மின்னல் வேகத்தில் ஒன்றாக ஓடி, சட்டென்று ஒன்றாக நின்று, மறுபடி ஓடுகின்றன. பின்னால் வந்த குழுக்கள் நகலெடுக்கத் துடித்தது அந்த ஓட்டத்தைத்தான். ஓட்டத்தை மிரட்டலாக்குவது ஒன்றாக நிற்கும் அந்த இடங்கள். அதைக் கவனித்தவர்கள் குறைவு.

அந்த இரைச்சல் உச்சத்தில் அறுந்ததும் அடுத்து வருவது ஒரு புல்லாங்குழல். 'ஐ டாக் டு தி விண்ட்' குழு உருவாகும் முன்பே இயன் மெக்டொனால்டும் சின்ஃபீல்டும் எழுதியிருந்த பாட்டு. தனியாகக் கேட்டால் இதமான நாட்டுப்புறப் பாட்டு என்று கடந்துபோய்விடலாம். முதல் பாட்டுக்குப் பின்னால் வைத்திருப்பதால், அந்த அமைதியை நம்பலாமா என்ற பதற்றத்துடனே கேட்கிறோம். இந்த வரிசைதான் ஆல்பத்தின் உண்மையான சாமர்த்தியம் என்பேன்.

'எபிடாஃப்' பாட்டின் கனத்துக்கு மெல்லோட்ரான் என்ற கீபோர்டுதான் காரணம். அதன் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு டேப் துண்டு. கட்டையை அழுத்தினால், ஏற்கெனவே பதிவான வயலின் ஒலி சுமார் எட்டு விநாடி கேட்கும். அதற்குமேல் டேப் இல்லை. இழுத்து இழுத்து ஓயும் இந்தக் கருவியை மெக்டொனால்ட் அடுக்கடுக்காகப் பதிந்து, ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா துக்கம் காப்பதுபோல் ஒலிக்க வைத்தார். அதன் அடியில் ஜைல்ஸின் ட்ரம்ஸைக் கவனியுங்கள். எங்கே அடிக்கக் கூடாது என்று அவ்வளவு தெரிந்த ராக் ட்ரம்மர் அபூர்வம். எல்லோரும் ராபர்ட் ஃப்ரிப்பின் கிட்டாரையே பேசுகிறார்கள். என் ஓட்டு ஜைல்ஸுக்கு.

வம்பு 'மூன்சைல்ட்' பாட்டில். மொத்தம் 12 நிமிடம். அதில் பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி முழுக்க கிட்டார், வைப்ரஃபோன், ட்ரம்ஸ் மூன்றும் முன்தயாரிப்பு இல்லாமல் கிசுகிசுத்துக்கொள்கின்றன. ஆல்பத்தைக் கொண்டாடுபவர்களிலும் பலர் இங்கே தாண்டிப் போய்விடுவார்கள். 2009இல் ஸ்டீவன் வில்சன் செய்த மறுகலவையில் அதைச் சில நிமிடம் வெட்டியே விட்டார்கள். வெட்டியிருக்க வேண்டாம். அந்த முணுமுணுப்பில் காது கூர்மையாகிக் கிடக்கும்போதுதான், கடைசிப் பாட்டின் மெல்லோட்ரான் கதவை உடைத்துக்கொண்டு வருவதுபோல் நுழைகிறது. அந்தப் பாட்டும் முடிந்தாற்போல் பாசாங்கு செய்து, பொம்மலாட்டம் போன்ற ஒரு ஆர்கன் துணுக்கைக் காட்டிவிட்டு, மீண்டும் எழுந்து, பாதியில் வெட்டினாற்போல் நிற்கும்.

பிரிட்டன் பட்டியலில் ஆல்பம் ஐந்தாம் இடம் பிடித்தது. ஆனால் டிசம்பரில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே, மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள். லேக், எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவுக்குப் போனார். அந்தக் குழுவின் ஆடம்பரத்தைக் கேட்டால், இந்த ஆல்பத்தில் லேக்கைக் கட்டுக்குள் வைத்தது கூட இருந்தவர்கள்தான் என்று தோன்றும். ஃப்ரிப் மட்டும் பெயரைக் காப்பாற்றி, ஆட்களை மாற்றி மாற்றிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். அவற்றில் இதைவிடத் துணிச்சலான ஆல்பங்கள் உண்டு. 1974இல் வந்த 'ரெட்' ஒன்று போதும்.

கேட்க உட்கார்ந்தால் 2009க்கு முந்தைய கலவையில், 'மூன்சைல்ட்' முழு நீளத்தோடு கேளுங்கள்.