யன்னலோர ஆமை

தம்பியின் ஆமைக்குஞ்சைத் தூக்கினேன். ஓடு நனைந்த அட்டைபோல அமுங்கியது. காதருகே சிவப்புக் கோடுள்ள நீராமை அது. யன்னலோரம் வெயில்படத்தானே தொட்டியை வைத்தோம்! மிருக வைத்தியர் சொல்லித்தான் விளங்கியது: கண்ணாடி வெளிச்சத்தை விட்டாலும் புறஊதா-பீ கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அவையின்றித் தோலில் விற்றமின் டீ உருவாகாது. அது இல்லாவிட்டால் கல்சியம் உடலில் சேராது. நாங்கள் போட்டதும் சோறும் பாணும்தான்.

இப்போது மண்புழு, சிறுமீன், கீரை, கொறிக்கக் கணவாய் ஓடு. தொட்டியில் நீந்த நீரும் ஏறிக் காயக் கல்லும். காலையில் முற்றத்தில், பாதி நிழலிட்ட பேசினில் வெயில். காகம் கொத்தாமல் உம்மா காவல். தொட்டவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும், சல்மொனெல்லா கிருமி தொற்றலாம். 20, 30 வருடம் வாழக்கூடியது; நம் நாட்டு உயிரல்ல என்பதால், சலித்ததும் குளத்தில் விடவும் கூடாது. தம்பி தினமும் ஓட்டைத் தடவிப் பார்க்கிறான். ஓரம் இன்னும் மெதுமெதுப்பாகவே இருக்கிறது.