அடித்தளமும் கட்டடமும்: புதிய ஏற்பாட்டில் விசுவாச உருவகம்

புதிய ஏற்பாடு விசுவாச வாழ்வைக் கட்டடமாக உருவகப்படுத்துகிறது. மத்தேயு நற்செய்தியில் (7:24–27) ஒருவன் பாறைமீதும் மற்றொருவன் மணல்மீதும் வீடு கட்டுகின்றனர். இருவரும் இயேசுவின் சொற்களைக் கேட்டவர்களே. கேட்டபடி நடந்தவனின் வீடு பெருவெள்ளத்திலும் நிலைக்கிறது. நடவாதவனின் வீடு விழுகிறது. லூக்கா (6:48) ஆழத் தோண்டிய உழைப்பையும் சேர்த்துரைக்கிறார்.

பவுல் (1 கொரிந்தியர் 3:10–15) கிறிஸ்துவையே அடித்தளம் என்கிறார். இங்குச் சோதிப்பது வெள்ளமன்று, நெருப்பு. அவ்வடித்தளத்தின்மீது வைக்கோலால் கட்டியவனின் வேலைப்பாடு எரிந்தழிந்தாலும் அவன் தப்புகிறான். மணல்மீது கட்டியவனுக்கு அத்தகைய மீட்பு சொல்லப்படவில்லை. கட்டுமானப் பிழை இழப்பைத் தருகிறது; அடித்தளப் பிழையோ வீட்டையே வீழ்த்துகிறது. எனவே, கிறிஸ்துவின் சொல்லைக் கேட்பது மட்டுமன்றி, அதன்படி நடப்பதே விசுவாசத்தைப் பாறைமீது நிறுத்துகிறது என்பது இப்பகுதிகளை ஒப்புநோக்குகையில் புலனாகிறது.